பிராசஸிங் 4: படம் காட்டிப் பாடம் நடத்தலாமா?

முதல் வகுப்பில் "வணக்கம் உலகம்" என்று ஒரு வரி அச்சாகும். இரண்டாவதில் இரண்டு எண்களின் கூட்டல். மூன்றாவதில் பகா எண். நான்காவது வகுப்பு வருவதற்குள் பாதிப் பேர் மனதளவில் எழுந்து போயிருப்பார்கள். புரோகிராமிங் அறிமுகப் பாடத்தின் இந்தப் பழைய நோய்க்கு மருந்தாக, எண்ணுக்குப் பதில் படத்தை மாணவர் கையில் கொடுக்கும் கருவிகள் பல வந்திருக்கின்றன. அவற்றில் நன்கு அறியப்பட்ட ஒன்று பிராசஸிங். அதன் 4-ஆம் பதிப்பை, முதல் மொழி கற்றுத்தரும் ஆசிரியரின் கண்ணால் பார்க்கும் மதிப்புரை இது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்லது, தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வட்டமும் சதுரமும் வரையவைக்க மட்டும் எடுத்துக்கொண்டால், சில கெட்ட பழக்கங்களும் சேர்ந்தே மாணவருக்குப் போகும். போட்டோவைத் திறந்து பிக்சல் பிக்சலாகக் கை வைக்கும் பகுதிதான் அந்தப் பழக்கங்களைத் திருத்துகிறது. அதைப் போய்க் கடைசி அத்தியாயமாக வைத்தால், நேரம் போதாமல் விட்டுப்போவதும் அதுவாகத்தான் இருக்கும்.

பின்னணி சுருக்கமாக. 2001-இல் கேசி ரீஸ், பென் ஃப்ரை இருவரும் எம்ஐடி மீடியா லேபில் ஜான் மைதாவின் குழுவில் இருந்தபோது தொடங்கியது இது. அதே குழுவில் அதற்குமுன் உருவான டிசைன் பை நம்பர்ஸ், 100×100 பிக்சல் கட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் மட்டும் வரையவிட்டது. அதன் எச்சமோ என்னவோ, இன்றும் பிராசஸிங்கில் அளவு குறிப்பிடாவிட்டால் 100×100-இல்தான் சின்னஞ்சிறு ஜன்னல் திறக்கிறது. 1.0 பதிப்பு 2008-இல், 4.0 பதிப்பு 2022-இல் வந்தன. உள்ளே ஓடுவது ஜாவா 17. இலவசம், திறந்த மூலம். ஜாவாவைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை, கூடவே வந்துவிடும். லேப் முழுக்க நிறுவ வேண்டியவருக்கு இந்த ஒன்றே பெரிய நிம்மதி.

முதல் நாள் அனுபவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளாஸ், மெயின், பப்ளிக், ஸ்டாட்டிக் என்ற மந்திரமெல்லாம் கிடையாது. சைஸ் என்று ஒரு வரி, எலிப்ஸ் என்று ஒரு வரி, ரன் பொத்தான், வட்டம் வந்துவிடும். ஆர்கியுமென்ட் என்றால் என்ன என்பதை விளக்கவே தேவையில்லை. நான்கு எண்களில் ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால், எது இடம், எது அகலம் என்று மாணவரே சொல்லிவிடுவார். ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும் என்பதை மட்டும் முதல் பத்து நிமிடத்திலேயே கரும்பலகையில் வரைந்துவிடுங்கள். கணக்கு வகுப்பின் கிராஃப் பழக்கத்தோடு வருகிறவர்கள் இதில் கட்டாயம் இடறுவார்கள்.

இன்னொரு வசதி, டுவீக் என்ற பயன்முறை. ஸ்கெட்ச் மெனுவில் இருக்கிறது (பிராசஸிங்கில் எழுதும் நிரலுக்கு ஸ்கெட்ச் என்று பெயர்). அதில் ஓட்டினால், நிரலில் உள்ள எண்களை மவுஸால் பிடித்து இழுக்க இழுக்கப் படம் அங்கேயே மாறும். பின்னால் திரெஷோல்டு (ஓர் எல்லைக்கு மேற்பட்ட வெளிச்சத்தை வெள்ளையாகவும் மற்றதைக் கருப்பாகவும் ஆக்குவது) பாடம் நடத்தும்போது இது எவ்வளவு உதவும் என்பதைச் செய்து பார்த்தால்தான் தெரியும்.

வரையும் பகுதியில் முதல் பெரிய தடுமாற்றம் டிரா என்ற ஃபங்ஷன். அதை யாரும் அழைப்பதில்லை. ஆனால் நொடிக்கு 60 முறை தானாக ஓடுகிறது. மாணவர் இதை மனதில் வாங்கிக்கொள்ளாதவரை மூன்று கோளாறுகள் மாறி மாறி வரும். பந்தின் இடத்தைக் குறிக்கும் வேரியபிளை டிராவுக்குள்ளேயே அறிவித்திருப்பார். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது டிராவின் ஒவ்வொரு ஓட்டத்திலும், அது ஆரம்ப மதிப்புக்கே திரும்பும், பந்து நகராது. பழைய படத்தைத் துடைக்கும் பேக்கிரவுண்டை, தொடக்கத்தில் ஒரே முறை ஓடும் செட்டப்பில் போட்டிருப்பார். பந்து வால் நட்சத்திரம் போல் தடம் விட்டுக்கொண்டே போகும். படக் கோப்பைத் திறக்கும் லோட்இமேஜைக் கொண்டுபோய் டிராவுக்குள் வைத்திருப்பார். நொடிக்கு 60 முறை டிஸ்கிலிருந்து ஒரே போட்டோவைப் படித்துப் படித்துக் கணினி திணறும். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. டிராவின் முதல் வரியில் ஃபிரேம்கவுன்ட்டை (இதுவரை ஓடிய ஃபிரேம்களின் எண்ணிக்கை) அச்சிடச் சொல்லுங்கள். கீழே எண்கள் ஓடுவதைப் பார்த்ததும் பாதி மயக்கம் தெளிந்துவிடும்.

முன்னால் சொன்ன கெட்ட பழக்கங்கள் வருவதும் இங்கேதான். டிரா ஓடும் விதத்தால் எல்லா வேரியபிளும் மேலே, குளோபலாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபங்ஷன் எழுதச் சொன்னால் எல்லாமே வாய்டு. திரையில் எதையாவது வரையும், எதையும் திருப்பித் தராது. ஆறு வாரம் இப்படியே போனால், ரிட்டர்ன் என்ற சொல்லே மாணவருக்கு அந்நியமாகிவிடும். மாணவரைக் குறை சொல்லிப் பயனில்லை, கருவியின் வாட்டமே அப்படி. ஆகவே லூப்பும் இஃப்பும் கைவந்த உடனேயே, நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில், போட்டோவுக்குத் தாவிவிடுவது நல்லது.

தாவுமுன் படங்களைத் தயார் செய்து வையுங்கள். மாணவர் தம் போன் படத்தை அப்படியே கொண்டுவந்தால் என்னென்ன ஆகும்? 4000×3000 என்றால் 1.2 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் நினைவகத்தில் 48 எம்பி. இரண்டு பிரதி எடுத்தாலே கருவி மூச்சுவாங்கும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பக்கவாட்டில் சாய்ந்து திறக்கலாம். எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்று போன் எழுதிவைத்த குறிப்பை லோட்இமேஜ் கண்டுகொள்வதில்லை. சில போன்கள் சேமிக்கும் ஹெச்இஐசி வகைக் கோப்பு திறக்கவே திறக்காது. எனவே 640×480 அளவுக்குச் சுருக்கி, பிஎன்ஜியாகச் சேமித்த ஐந்தாறு படங்களை நீங்களே கொடுத்துவிடுங்கள். அவற்றில் ஒன்றுகூடச் சதுரமாக இருக்க வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

படக் கோப்பை எடிட்டர் ஜன்னல்மேல் இழுத்துப் போட்டால் போதும், டேட்டா என்ற ஃபோல்டர் உருவாகி அதற்குள் போய்விடும். பெயரில் பிழை இருந்தால் சிவப்புப் பட்டையில் வருவது நல்-பாயின்டர் எக்செப்ஷன் என்ற பயமுறுத்தல். உண்மையான காரணம், அதாவது கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி, கீழே கருப்புக் கன்சோலில் தனியாகக் கிடக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துவைப்பதால் "பூ.ஜேபிஜி.ஜேபிஜி" என்ற பெயரோடு ஒரு கோப்பு எந்த வகுப்பிலும் முளைத்துவிடும். படத்தின் அகலத்தையே சைஸுக்குள் கொடுக்கப் பார்ப்பது இன்னொரு வழக்கமான சறுக்கல். 3-ஆம் பதிப்பிலிருந்து செட்டப்பில் உள்ள சைஸுக்குள் வேரியபிள் போட முடியாது, நேரடி எண்தான்.

இனி அசல் சரக்கு. பிராசஸிங்கில் படம் என்பது இரு பரிமாண அட்டவணையாக உங்கள் கைக்கு வராது. பிக்சல்ஸ் என்ற ஒரே நீண்ட அரேவாக வரும்: முதல் வரிசை முழுதும், அதன் வாலில் இரண்டாவது வரிசை, அதன் வாலில் மூன்றாவது. எக்ஸ், ஒய் என்ற இடத்தில் உள்ள பிக்சல் வேண்டுமென்றால் ஒய் × அகலம் + எக்ஸ் என்று கணக்குப் போட வேண்டும். இது சிரமம்தான். ஆனால் அறிமுகப் பாடத்துக்கு இதைவிடப் பயனுள்ள சிரமம் வேறில்லை. கணினிக்கு முன்னால் உட்காருமுன் நோட்டில் 4×3 கட்டம் போட்டு, 0 முதல் 11 வரை எண்ணிடச் சொல்லுங்கள். "மூன்றாவது வரிசை, இரண்டாவது கட்டம், எந்த எண்?" 9 என்று பதில் வந்தால் (ஒய் 2, எக்ஸ் 1) அவருக்குச் சூத்திரம் பிடிபட்டுவிட்டது.

பிடிபடாதவர் எழுதுவது ஒய் × உயரம் + எக்ஸ். இந்த ஒரு பிழையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தக் கருவியின் பலம் முழுவதும் இதில் தெரிகிறது. 400 அகலம், 300 உயரம் உள்ள படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றும் நிரல் என்று வையுங்கள். பிழையான சூத்திரம் தரும் மிகப் பெரிய எண் 299 × 300 + 399, அதாவது 90,099. அரேவின் நீளமோ 1,20,000. ஆகவே நிரல் முறியாது. மேலே 225 வரிசைகள் கருப்பு வெள்ளையாகி, அடியில் 75 வரிசைகள் வண்ணம் மாறாமல் நிற்கும். இப்போது அதே நிரலில் கருப்பு வெள்ளைக்குப் பதிலாக நிறங்களைத் தலைகீழாக்கச் சொல்லுங்கள். மேல்பகுதியில் மூன்றில் ஒரு வரிக்கோடு மாறாமல் நின்று, பழைய டிவி திரை போல் வரிவரியாகத் தெரியும். பிழையான சூத்திரத்தில் ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றின் மேல் 100 பிக்சல் ஏறி நிற்கிறது. அந்தப் பிக்சல்கள் இரண்டு முறை தலைகீழாகிப் பழைய நிறத்துக்கே வந்துவிட்டன. கருப்பு வெள்ளையை இருமுறை செய்தாலும் கருப்பு வெள்ளைதான் என்பதால், அங்கே இது கண்ணில் படவில்லை.

அதே நிரலை 300 அகலம், 400 உயரம் உள்ள நெட்டைப் படத்தின்மேல் ஓட்டுங்கள். ஒய் 300-ஐத் தொட்ட கணமே 300 × 400 = 1,20,000 என்ற இல்லாத இடத்தைக் கேட்டு, அரே எல்லை தாண்டியது என்று நின்றுவிடும். சதுரப் படத்திலோ எல்லாம் சரியாக ஓடும். பிழை இருப்பதே தெரியாது. ஒரே பிழைக்கு மூன்று படத்தில் மூன்று முகம். சதுரப் படம் கொடுக்காதீர்கள் என்றது இதற்குத்தான். எண்களை அச்சிடும் பயிற்சிகளில் பிழை செய்தால் தவறான எண் வரும், அவ்வளவுதான். இங்கே பிழையின் உருவமே அதன் காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

இடவலமாகப் புரட்டும் பயிற்சியும் இதே ரகம். இடது பிக்சலையும் வலது பிக்சலையும் இடம் மாற்றும் லூப்பை முழு அகலத்துக்கும் ஓட்டினால், பாதி வழியில் புரண்ட படம் மீதிப் பாதியில் மறுபடி புரண்டு, மாறாத படமாக நிற்கும். "நிரல் ஓடவே இல்லை" என்று கை தூக்குவார்கள். உண்மையில் இரண்டு முறை ஓடியிருக்கிறது. இடையில் தற்காலிக வேரியபிள் வைக்காமல் நேரடியாகப் பிரதி எடுத்தால், முகத்தின் வலப்பாதியே இரு பக்கமும் ஒட்டிய விசித்திர முகம் வரும். வகுப்பில் சிரிப்பு எழும். இடமாற்றத்துக்கு மூன்றாவது பாத்திரம் தேவை என்பது அதன்பின் மறக்காது.

டேட்டா டைப்புகளைச் சொல்லித்தரவும் படம் நல்ல கருவிதான், கொஞ்சம் முரட்டுத்தனமான கருவி. ரெட் என்ற ஃபங்ஷன் திருப்பித் தருவது ஃபுளோட். அதை இன்ட்டில் வாங்கப் போனால் டைப் பொருந்தவில்லை என்ற பிழை. பெரும்பாலும் மாணவர் சந்திக்கும் முதல் டைப் பிழை இதுவாகத்தான் இருக்கும். ஒரு பிக்சலை அப்படியே அச்சிட்டால் கருப்புக்கு -16777216 என்றும் வெள்ளைக்கு -1 என்றும் வரும். நான்கு பைட்டுகளை ஒரே முழு எண்ணில் அடைத்து, அதில் உயர்ந்த பிட்டைக் குறியாக எண்ணுவதால் வரும் விளைவு இது. ஆரம்பத்திலேயே விளக்கப் புகுந்தால் வகுப்பு தொலைந்தது. எண்ணைப் பதினாறடிமானத்தில் காட்டும் ஹெக்ஸ் என்ற ஃபங்ஷனில் போட்டு அச்சிடச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுங்கள். பிட் நகர்த்தும் பாடம் வரும்போது திரும்பி வரலாம். ரெட், கிரீன், புளூவைவிடப் பிட் நகர்த்திப் பிரிப்பது வேகமானது, அப்போது அதையும் காட்டலாம்.

முழு எண் வகுத்தலின் பாடம் மங்கலாக்கும் பயிற்சியில் வருகிறது. ஒன்பது பிக்சல்களின் சராசரிக்கு ஒவ்வொன்றையும் 1/9 ஆல் பெருக்கினால் படம் முழுக் கருப்பு. ஜாவாவில் 1/9 என்றால் 0. 1.0/9 என்று எழுதியதும் படம் உயிர் பெறும். கரும்பலகையில் பத்து முறை சொன்னாலும் ஏறாதது, ஒரு கருப்பு ஜன்னலைப் பார்த்ததும் ஏறிவிடுகிறது.

ஒன்றை மட்டும் கருவி மூடி மறைக்கிறது. வெளிச்சத்தைக் கூட்ட 250-உடன் 10 சேர்த்து கலர் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அது சத்தமில்லாமல் 255-இல் நிறுத்திக்கொள்ளும். பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான நம்பையின் அரேவில் அதே கூட்டலை எட்டு பிட் எண்ணாகச் செய்தால் 260 சுற்றிவந்து 4 ஆகிவிடும். வெள்ளை மேகத்தில் கருப்புத் திட்டுகள் தெரியும். பிராசஸிங்கில் மட்டும் படித்தவர் இந்தப் பள்ளத்தைப் பார்க்காமலே கடந்துவிடுவார். மதிப்பை எல்லைக்குள் நிறுத்தும் கான்ஸ்ட்ரெயின் ஃபங்ஷனைக் கட்டாயமாக எழுதவைப்பது ஒரு வழி. வெளிச்சம் கூட்டும் வரி டிராவுக்குள் போய்விட்டால் நடப்பது வேறு வேடிக்கை: ஃபிரேமுக்கு 10 வீதம், 26 ஃபிரேமில், அரை நொடிகூட ஆகாமல் படம் வெளுத்துப் போகும். படத்தைத் திருத்தும் பயிற்சி எதுவானாலும் செட்டப்பின் கடைசியில், டிரா திரும்பத் திரும்ப ஓடாமல் தடுக்கும் நோலூப் போடுவதை வழக்கமாக்கிவிடுங்கள்.

பிக்சல்களை அரேவுக்குக் கொண்டுவரும் லோட்பிக்சல்ஸ், மாற்றியதைத் திரும்ப எழுதும் அப்டேட்பிக்சல்ஸ் ஜோடி பற்றியும் ஒரு எச்சரிக்கை. வெறுமனே அழைத்தால் அது ஜன்னலின் பிக்சல்கள். படத்தின் பெயரோடு புள்ளி வைத்து அழைத்தால் படத்தின் பிக்சல்கள். இரண்டையும் குழப்பினால் பிழைச் செய்தி எதுவும் வராது, திரையில் மட்டும் ஒன்றும் மாறாது. அதைவிட மோசம், இதுவரை ஒருமுறைகூட வரையாத படமென்றால் அப்டேட்பிக்சல்ஸை மறந்தாலும் பல நேரம் சரியாகவே ஓடும். இரண்டாவது முறை திருத்தும்போதுதான் மாற்றம் தெரியாமல் போகும். "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஜன்னலின் பிக்சல்களைத் தொடாமல் எப்போதும் படத்தின் பிக்சல்களிலேயே வேலை செய்வது பாதுகாப்பு. உயர் அடர்த்தித் திரைகளில் ஜன்னலின் பிக்சல் எண்ணிக்கை நான்கு மடங்காகக்கூடும் என்பது அதற்கு இன்னொரு காரணம்.

மேலே சொன்ன கெட்ட பழக்கங்கள் திருந்தும் இடம் கன்வல்யூஷன். 3×3 கட்டத்தைப் படத்தின்மேல் நகர்த்தி, அக்கம்பக்கத்து ஒன்பது பிக்சல்களிலிருந்து ஒரு புதுப் பிக்சலைக் கணக்கிட வேண்டும். மூலப் படத்திலேயே விடையை எழுதினால், ஏற்கெனவே மங்கிய பிக்சல் அடுத்ததன் கணக்கில் கலந்து, படம் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இழுபடும். சோதிக்க எளிய வழி உண்டு. கிரியேட்இமேஜால் 5×5 கருப்புப் படம் செய்து, நடுப் பிக்சலை மட்டும் வெள்ளையாக்கி, மங்கலாக்கும் நிரலை ஓட்டச் சொல்லுங்கள். ஓரத்தை விட்டுவிட்டு எக்ஸ், ஒய் இரண்டும் 1 முதல் 3 வரை ஓட வேண்டும். சரியான விடை: நடுவில் ஒன்பது கட்டமும் 28 (255-ஐ 9 ஆல் வகுத்து, முழு எண்ணாக வெட்டியது). மூலத்திலேயே எழுதியவருக்கு முதல் வரிசை 28, 31, 31 என்று வரும். அந்த 31 எங்கிருந்து வந்தது என்று கைக்கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னால் போதும். அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

"அப்படியானால் பிரதி எடுத்துக்கொள்கிறேன்" என்று அடுத்து மாணவர் எழுதும் வரி, புதிய பெயர் சமம் பழைய பெயர். ஓட்டினால் மறுபடி அதே 31. இரண்டு பெயரும் ஒரே படத்தைத்தான் சுட்டுகின்றன என்பது அப்போதுதான் உறைக்கும். காப்பி அல்லது கெட் என்ற ஃபங்ஷனை அழைத்தால்தான் உண்மையான பிரதி. ரெஃபரன்ஸ் என்ற கருத்தை அறிமுக வகுப்பில் இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் பயிற்சி வேறு கிடைப்பது அரிது. கூடவே ஃபங்ஷனின் வடிவமும் மாறுகிறது: உள்ளே ஒரு பிஇமேஜ் (பிராசஸிங்கில் படத்துக்கான டைப்) போகிறது, வேறொரு பிஇமேஜ் வெளியே வருகிறது. மங்கலாக்கியதைக் கருப்பு வெள்ளையாக்கு, அதை விளிம்பு கண்டுபிடிக்கும் ஃபங்ஷனுக்குக் கொடு என்று ஒன்றின் வாயில் இன்னொன்றைக் கோக்கலாம். குளோபல் வேரியபிளுக்கு இடமே இல்லை.

பயிற்சிகளின் வரிசைக்கு ஒரு யோசனை: முதலில் தலைகீழ் நிறம், வெளிச்சம் (ஒரே லூப்), பிறகு கருப்பு வெள்ளை, திரெஷோல்டு (இஃப்), பிறகு புரட்டல், 90 பாகை திருப்பல் (அகலமும் உயரமும் இடம் மாறும், இரண்டு லூப்), பின்னணி நீக்கம், கடைசியில் கன்வல்யூஷன். பின்னணி நீக்கத்தில் பச்சை நிறத்தைச் சமக் குறியால் ஒப்பிட்டால் ஜேபிஜி படத்தில் பாதிப் பச்சை அப்படியே நிற்கும். சுருக்கும்போது நிறங்கள் சிறிது சிறிது கலங்கியிருக்கும் என்பதால், மூன்று நிறங்களின் தூரத்தை டிஸ்ட் ஃபங்ஷனால் அளந்து ஓர் எல்லை வைக்க வேண்டும். திரெஷோல்டு செய்த படத்தை ஜேபிஜியாகச் சேமித்தாலும் இதே கதை, வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையில் சாம்பல் புள்ளிகள் முளைக்கும்.

ஃபில்டர் என்ற தயார்ச் சரக்கை இதற்கெல்லாம் முன்னால் காட்டிவிடாதீர்கள். ஒரே வரியில் கிரே, திரெஷோல்டு, புளர் எல்லாம் செய்துவிடும். பிறகு எவர் லூப் எழுதுவார்? விடை சரிபார்க்க மட்டும் பயன்படுத்தலாம், அதிலும் கவனம் தேவை. கிரே ஃபில்டர் மூன்று நிறங்களின் நேர்ச் சராசரியை எடுப்பதில்லை. சிவப்புக்கு 77, பச்சைக்கு 151, நீலத்துக்கு 28 என்று எடை போட்டு 256 ஆல் வகுக்கிறது. கண் பச்சையை அதிக வெளிச்சமாக உணர்வதால் இந்த ஏற்றத்தாழ்வு. முழுப் பச்சைக்கு மாணவரின் சராசரி 85 தரும், ஃபில்டர் 150 தரும். திரெஷோல்டு ஃபில்டரோ மூன்றில் எது பெரியதோ அதை மட்டும் பார்க்கிறது. ஆகவே ஆழ்ந்த நீல வானம் மாணவரின் நிரலில் கருப்பாகவும் ஃபில்டரில் வெள்ளையாகவும் வரும். யார் சரி என்ற விவாதத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

குறைகளுக்கு வருவோம். விசைப்பலகையிலிருந்து ஒரு வரியை வாங்கும் எளிய வழி இல்லை. எழுத்து, சரம் சார்ந்த பயிற்சிகள் இங்கே அந்நியமாகவே இருக்கும். பைத்தான் மோடு என்று ஒன்று உண்டு. ஜாவாமேல் ஓடும் பைத்தானான ஜைத்தானை நம்பியிருப்பதால் பைத்தான் 2.7-லேயே நின்றுவிட்டது, இன்று அதில் தொடங்குவது வீண். கேமரா வேண்டுமென்றால் வீடியோ லைப்ரரியைத் தனியாக இறக்க வேண்டும். அனுமதி, டிரைவர் என்று ஒரு வகுப்பு நேரம் கரையும். பார்வைத் திறன் இல்லாத மாணவருக்குக் கருவி எந்த மாற்று வழியும் தரவில்லை. இந்த ஒன்றில் அதன் உடன்பிறப்பான பி5.ஜேஎஸ் எவ்வளவோ மேல். வரைந்ததைச் சொற்களில் விவரிக்கும் ஃபங்ஷன்கள் அதில் உண்டு.

பி5.ஜேஎஸ் பிரவுசரில் ஓடுகிறது, எதையும் நிறுவ வேண்டாம், செய்ததை லிங்க்காக அனுப்பலாம். வரையும் பகுதிக்கு மட்டும் என்றால் அதையே எடுத்துக்கொள்ளலாம். படத்தைத் திருத்தும் பகுதியில் அது ஆரம்பநிலை மாணவருக்குக் கடினம். ஒரு பிக்சலுக்கு நான்கு இடங்கள் என்பதால் சூத்திரம் 4 × (ஒய் × அகலம் + எக்ஸ்) ஆகிறது. திரை அடர்த்தியைக் குறிக்கும் பிக்சல்டென்சிட்டியை 1 என்று வைக்க மறந்தால் உயர் அடர்த்தித் திரையில் ஜன்னலைத் தொடும் கணக்கு முழுதும் தவறும். சர்வர் இல்லாமல் கோப்பை நேரடியாகத் திறந்தால் பிரவுசர் படத்தை ஏற்ற மறுக்கும். 2.0 பதிப்பில், படத்தை முன்கூட்டியே ஏற்றும் பிரீலோடு போய், ஏறும்வரை காத்திருக்கச் சொல்லும் அவெயிட் வந்துவிட்டது. முதல் மாதத்தில் அதை விளக்கும் தைரியம் வேண்டும். பைத்தானும் அதன் பட லைப்ரரியான பில்லோவும் நல்ல ஜோடிதான், ஆனால் ரன் அழுத்தியதும் ஜன்னல் திறக்கும் அந்த உடனடித் தன்மை குறைவு. பட ஆய்வு லைப்ரரியான ஓப்பன்சிவி அறிமுக வகுப்புக்கு ஒத்துவராது: நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழ் வரிசையில் வைக்கும், கோப்பின் பாதை தவறினால் பிழை சொல்லாமல் நன் என்ற வெறுமையைத் திருப்பித் தரும். பைத்தானோடு வரும், கோடு வரையும் டர்ட்டில் முதல் இரண்டு வாரத்துக்கு அழகு. பிக்சலைத் தொட அதில் வழியில்லை. படம், ஒலி வழியே நிரலாக்கம் கற்பிக்கும் முறை ஜார்ஜியா டெக்கில் 2003-இல் மீடியா கம்ப்யூட்டேஷன் என்ற பெயரில் பாடமாகவே வந்தது. அதற்கென எழுதிய ஜேஇஎஸ் என்ற கருவியும் ஜைத்தானில் ஓடுவதுதான். முறையை எடுத்துக்கொள்ளுங்கள், கருவியை விட்டுவிடுங்கள்.

மாதிரிப் படம் தேடும்போது பழைய பாடநூல்களில் எங்கும் காணப்படும் லீனா படத்தைத் தவிர்த்துவிடுங்கள். 1973-இல் ஒரு பத்திரிகையின் கவர்ச்சிப் படத்திலிருந்து ஸ்கேன் செய்தது அது. 2024 ஏப்ரல் முதல் கணினித் துறையினரின் அமைப்பான ஐஇஇஇ கம்ப்யூட்டர் சொசைட்டி அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஏற்பதில்லை.

விடைத்தாளாக வாங்கும்போது நிரல் கோப்பை மட்டும் வாங்காதீர்கள். டேட்டா ஃபோல்டர் இல்லாமல் வரும் ஸ்கெட்ச் உங்கள் கணினியில் நல்-பாயின்டரில் போய் நிற்கும். முழு ஃபோல்டரையும் ஜிப்பாக வாங்குங்கள். மதிப்பெண் போட மாணவர் பார்த்திராத நான்கு படங்கள் போதும்: ஒன்று கிடைப்படம், ஒன்று நெட்டைப் படம், ஒன்று அகலம் ஒற்றைப்படை எண்ணாக இருப்பது, கடைசி 1×1. புரட்டும் நிரல் அந்த ஒற்றைப் பிக்சலை அப்படியே திருப்பித் தர வேண்டும். கன்வல்யூஷன் நிரல் அதன்மேல் முறியாமல் ஓட வேண்டும். முறிந்தால், ஓரத்தை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்று லூப்பின் முதல் வரியைப் பாருங்கள்.